ராஜம்மா இரவல் கொடுத்த கன்று

கால்நடை மருத்துவமனையில் புதிதாக வேலைக்குச் சேர்கிறவர்களுக்கு முதலில் அலுத்துப்போவது ரெஜிஸ்டர்தான். தேதி, உரிமையாளர் பெயர், என்ன பிராணி, என்ன நோய், என்ன மருந்து, என்ன நிலை என்று ஆறு பத்திகள். மாதம் முடிந்து மேலிடத்துக்குக் கணக்கு அனுப்பியதும் அதன் ஆயுள் முடிந்தது என்று நினைத்துக்கொள்வோம். தேதி குறிப்பதில் எனக்கு இளமையிலிருந்தே ஒரு பிடிவாதம் உண்டு. முதல் மழை பெய்த நாள், குல்மோகர் பூத்த நாள் எல்லாம் என் நாட்குறிப்பில் இருக்கும். ஆனால் குறித்துவைப்பதற்கும் குறித்ததை வைத்து ஒன்றைக் கண்டுபிடிப்பதற்கும் நடுவில் தூரம் இருக்கிறது. எனக்கு அந்தத் தூரம் பத்து நாள். அந்தப் பத்து நாளைத்தான் உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

நாடு விடுதலை பெற்று ஆறு ஆண்டு ஆகியிருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்து மூன்றாவது ஆண்டு. பெங்களூரில் அல்சூர் ஏரிக்குப் பக்கத்தில் ஓர் ஓட்டுக் கட்டடம் எங்கள் மருத்துவமனை. டாக்டராக நான், கம்பவுண்டர் காதர், ஒரு பியூன். ஏரிக்கரையை ஒட்டிப் பால்காரர்களின் தெரு. முப்பது வீடு இருக்கும். பாதிப்பேர் ஆற்காட்டுப் பக்கத்திலிருந்து முந்தைய தலைமுறையில் வந்த தமிழர்கள், மீதிப்பேர் கன்னடக்காரர்கள். ஒருவரோடொருவர் எந்த மொழியில் பேசிக்கொண்டாலும் மாட்டோடு எல்லாரும் ஒரே மொழியில்தான் பேசினார்கள்.

அந்த நாளில் கன்டோன்மென்ட் வீடுகளுக்குப் பால் வராது, மாடு வரும். காலையும் மாலையும் பால்காரர் மாட்டை ஓட்டிக்கொண்டு வாசலில் வந்து நிற்பார். வீட்டுக்காரர் கண்ணெதிரே வெறும் சொம்பைக் கவிழ்த்துக் காட்டி, சொட்டுத் தண்ணீர் இல்லை என்று அவர் தலையசைத்த பிறகே கறப்பார். ஒரு மாட்டை நாலைந்து வாசலில் கொஞ்சம் கொஞ்சமாகக் கறப்பார்கள். ஆகவே நடக்க முடியாத மாட்டுக்கு வாடிக்கை கிடையாது. மடி நிறையப் பால் இருந்தும் சுரக்க மறுக்கும் மாட்டுக்கும் கிடையாது.

கன்று செத்துப்போன மாடு அப்படித்தான் மறுக்கும். அதற்காகச் செத்த கன்றின் தோலை உப்பிட்டுக் காயவைத்து, வைக்கோல் அடைத்து, நாலு குச்சியைக் காலாக வைத்துத் தைப்பார்கள். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு மாட்டுடன் நடப்பார்கள். வாசலில் மாட்டின் முன்னால் நிறுத்தினால், அது நக்கிக்கொண்டே பாலை இறக்கிவிடும். நம் பழைய நூல்களிலேயே இந்தத் தோல்கன்று வருகிறது. பெங்களூரில் நான் பார்த்ததிலேயே சிறந்தது ராஜம்மாவுடையது.

ராஜம்மாவுக்கு அப்போது ஐம்பது வயது இருக்கும். கணவர் இல்லை. ஒரே மாடு. அந்த மாட்டின் கன்று போன பிறகு அவளே தைத்த வைக்கோல் கன்று அது. இரண்டு காதும் நிமிர்ந்து நிற்கும். கண்ணுக்குக் கறுப்புச் சட்டைப் பொத்தான் வைத்திருந்தாள். ராமு என்று பெயர். எலி கடிக்காமல் இருக்க ஒரு பழைய புடவையைப் போர்த்தி வீட்டுக்குள்ளேயே வைப்பாள். மாடு நக்கி நக்கி முதுகில் மயிர் போய் வழுவழுவென்று ஆகியிருந்தது.

தெருவில் எப்போதும் ஓரிரு மாடாவது கன்றில்லாமல் இருக்கும். வேறு சில வீடுகளில் அரைகுறை வைக்கோல் கன்றுகள் கிடந்தாலும், அவர்கள் எல்லாரும் ராமுவைக் கேட்டு ராஜம்மாவிடம் வருவார்கள். தங்கள் மாட்டின் சொந்தக் கன்று படுத்திருந்த சாக்கைக் கொண்டுவந்து ராமுவின் மேல் போர்த்துவார்கள். மாடு அந்தச் சாக்கை மோந்துவிட்டு ராமுவை நக்கும். இரண்டு நாள் இப்படிப் பழகிவிட்டால் பிறகு வெறும் சாக்கைக் காட்டினாலே போதும். கறவை முடிந்ததும் ராமு வீடு திரும்பிவிடும். ராஜம்மா யாருக்கும் இல்லை என்று சொன்னதில்லை. வேறு எதையும் கொடுக்கும் நிலையில் இல்லாத அவளுக்குத் தெருவில் இருந்த மதிப்பு அந்தக் கன்றால் வந்தது.

ஐப்பசி மாதம் ஒரு திங்கட்கிழமை எல்லப்பா தன் செவலை மாட்டைக் கொண்டுவந்தார். சனிக்கிழமைதான் சந்தையிலிருந்து பிடித்துவந்த மாடு. வாயில் கயிறு கயிறாக எச்சில் ஒழுகியது. நாக்கில் கொப்புளம், குளம்பு இடுக்கில் புண். கோமாரி. பெரிய மாடு சாவது குறைவு என்றாலும் பால் வற்றிவிடும், கால் நொண்டும், இளங்கன்றுகள் செத்துவிடும். தடுப்பூசி எங்கள் கைக்கு எட்டாத காலம். நோய் கண்ட மாட்டைத் தனியே கட்டி, பரவும் வழியை அடைப்பதுதான் ஒரே வைத்தியம்.

எனக்கு வழி கண்ணுக்கு முன்னால் தெரிந்தது. தெருவின் எல்லா மாடுகளும் சுற்று முடிந்து திரும்பும்போது ஏரிப் படித்துறையில்தான் தண்ணீர் குடித்தன. மறுநாளே மேலிடத்தில் அனுமதி வாங்கிப் படித்துறையை முள் வைத்து அடைத்தேன். அதைச் செய்து முடித்தபோது எனக்கு இருந்த பெருமையை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

மாடுகளுக்குத் தெருக்குழாயிலிருந்து தண்ணீர் சுமக்க வேண்டியதாயிற்று. ஒரு மாடு ஒரு நாளைக்கு எவ்வளவு குடிக்கும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. சுமந்தவர்கள் பெண்கள். எல்லப்பாவின் மனைவி கெங்கம்மா நான் கடந்துபோகும்போதெல்லாம் குடத்தை இறக்கிவைத்து, யாரிடமோ சொல்வதுபோலச் சொல்வாள்:

"டாக்டரு ஏரியைப் பூட்டிட்டு சாவிய பாக்கெட்ல போட்டுகினு போறாரு பாரு."

நோய் நிற்கவில்லை. வெள்ளிக்கிழமை மூலை வீட்டுக் கோணக்கொம்பு மாட்டுக்கு வந்தது. ஞாயிறன்று புளியமரத்து வீட்டு மயிலைக்கு. செவ்வாயன்று அந்தோணி வீட்டுக் கறுப்புக்கு. பக்கத்துப் பக்கத்து வீடும் இல்லை. தெருவின் அந்தக் கோடியில் ஒன்று, இந்தக் கோடியில் ஒன்று. யாரோ திருட்டுத்தனமாக ஏரியில் மாட்டை இறக்குகிறார்கள் என்று முடிவு கட்டினேன். அதே செவ்வாய் மாலை ராஜம்மாவின் மாடு குளம்பு நனைந்து வருவதைப் பார்த்ததும் பொறுமை போய்விட்டது. தெரு நடுவில் நின்று கத்தினேன்.

"உங்களுக்கெல்லாம் எத்தனை தடவை சொல்றது? உங்க ஒருத்தர் சோம்பேறித்தனத்தால தெருவே அழியப்போகுது!"

ராஜம்மா தலையில் இருந்த குடத்தை இறக்கவில்லை. "குழாயடியில சேறு சார், அதான் ஈரம். என் மாடு நல்லாத்தானே கீது? சீக்கு வந்த மாட்டைக் கேளுங்க சார்," என்று சொல்லிவிட்டு நடந்தாள்.

அவள் மாடு நன்றாக இருந்தது உண்மை. இரண்டு ஆண்டுக்கு முன்பே அதற்குக் கோமாரி வந்து போயிருந்தது. ஒரு முறை வந்துபோன மாட்டை அது சில காலம் தொடாது. இது எனக்குத் தெரியும். தெரிந்திருந்தும் அதிலிருந்து ஒரு கேள்வி எனக்கு எழவில்லை.

மறுநாள் புதன். பிற்பகல் மூன்று மணி. ராஜம்மா அந்தோணி வீட்டு மாட்டுக்கு வாய் கழுவும் மருந்து வாங்க வந்தாள். முந்தைய நாள் நான் கத்தியதைப் பற்றி இருவருமே பேசவில்லை. காதர் மருந்து கலக்கிக்கொண்டிருந்தார். மேலிடத்துக்கு அனுப்ப வேண்டிய அறிக்கைக்காக நான் ரெஜிஸ்டரை உரக்கப் படித்துச் சரிபார்த்தேன்.

"திங்கள், எல்லப்பா, செவலை. வெள்ளி, மூலை வீடு, கோணக்கொம்பு. ஞாயிறு, புளியமரத்து வீடு, மயிலை. செவ்வாய், அந்தோணி, கறுப்பு."

ராஜம்மா மருந்துப் புட்டியை வாங்கக் கை நீட்டியவள் அப்படியே நின்றாள்.

"இன்னொரு தபா படிங்க சார்."

படித்தேன். அவள் விரல் கணுக்களில் கட்டைவிரலை ஓட்டி எண்ணினாள். உதடு அசைந்தது.

"சனிக்கிழமை எல்லப்பா. செவ்வாய் மூலை ஊடு. வியாழன் புளியமரத்து ஊடு. சனிக்கிழமை அந்தோணி."

"இது என்ன கணக்கும்மா?"

"என் ராமு போன கணக்கு சார்."

ரெஜிஸ்டரின் ஓரத்தில் அவள் சொன்ன கிழமைகளைப் பென்சிலால் எழுதினேன். எல்லப்பா வீட்டை விட்டுவிட்டால், ராமு போன மூன்றாம் நாள் நோய். மூன்று வீட்டிலும் அதே மூன்று நாள். எல்லப்பாவின் மாடு சந்தையிலிருந்து வரும்போதே நோயைக் கொண்டுவந்திருக்கிறது. அதன் எச்சில் ராமுவின் மேல் பட்டது. அடுத்த மாடு அதை நக்கியது. வீட்டுக்கு வீடு சாக்கு மாறியது, அடியில் இருந்த தோல் மாறவில்லை. நான் படித்த புத்தகங்களில் தண்ணீர், தீவனம், கயிறு, மனிதனின் செருப்பு எல்லாம் இருந்தன. வைக்கோல் அடைத்த கன்று எந்தப் புத்தகத்திலும் இல்லை.

காதர் புட்டியைக் கீழே வைத்தார். "அரே சாப், ஏரி மேல பழி போட்டோம். பாவம், ஏரிக்கு வாய் இல்லே."

"அப்ப நாந்தானா சார்?" என்றாள் ராஜம்மா.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று பல ஆண்டு யோசித்திருக்கிறேன். அவளே அடுத்ததைச் சொன்னாள்.

"முனுசாமி எடுத்துகினு போயிட்டான் சார். நேத்து அவன் கன்னு கழிச்சல் கண்டு செத்துப்போச்சு. இப்பத்தான், மூணு மணி சுத்துக்கு. ரிச்சர்ட்ஸ் டவுன்ல டீச்சரம்மா ஊடுதான் அவனுக்கு மொத வாசல். அவங்க பள்ளிக்கூடம் விட்டு வந்த பொறவுதான் கறப்பான்."

முனுசாமிக்கும் ஒரே மாடுதான். அதுவும் புதிதாக ஈன்றது.

வாசலில் ஒரு ஜட்கா நின்றது. குதிரைக்கு இருமல் என்று காட்டவந்து, மருந்து வாங்கிக்கொண்டு கிளம்பியிருந்தார் வண்டிக்காரர். ரிச்சர்ட்ஸ் டவுனுக்கு உடனே விடச் சொன்னேன்.

"மூணு நாள் வண்டி பூட்டாதேன்னு இப்பத்தானே சொன்னீங்க?"

"அது நாளையிலிருந்து."

மற்ற வீடுகளில் இருக்கும் வைக்கோல் கன்றுகளை யாரும் தொடக்கூடாது என்று சொல்லக் காதரைத் தெருவுக்கு அனுப்பிவிட்டு, நானும் ராஜம்மாவும் ஏறிக்கொண்டோம். போய் இறங்கியதும் "நிறுத்து, நோய்!" என்று கத்துவதாக இருந்தேன். அதை அவளிடமும் சொன்னேன்.

"வாசல்ல நின்னு சீக்குன்னு சொல்லிடாதீங்க சார்," என்றாள். "ஒரு ஊட்டுக்காரங்க காதுல உளுந்தா போதும், நாளைக்கு எங்க தெரு மாடு ஒண்ணுகூட இந்தப் பக்கம் தலை வைக்க முடியாது."

அவள் சொன்னது சரி. பாலைக் காய்ச்சிக் குடிப்பவர்களுக்குக் கோமாரியால் கெடுதல் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதைக் கேட்டில் நின்று விளக்கி, அவர்கள் நம்பி, அந்தச் செய்தி அதே உருவில் பக்கத்து வீட்டுக்குப் போகும் என்று எதிர்பார்க்க முடியாது.

"பின்னே எப்படி நிறுத்துறது?"

அவள் வண்டிச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி இருந்தாள்.

நாங்கள் போனபோது முனுசாமி டீச்சரம்மா வீட்டு கேட்டில் நின்றிருந்தான். நாற்பது வயது, ஒல்லி, எதற்கும் வாய் ஓயாதவன். சொம்பைக் கவிழ்த்துக் காட்டி முடித்திருந்தான். மாடு ஒரு முழம் தள்ளி மரத்தில் கட்டியிருந்தது. ஒரு தோளில் சாக்கு. இன்னொரு தோளிலிருந்து ராமுவை இறக்கி மாட்டுக்கு முன்னால் வைக்கப் போனான். மாடு கழுத்தை நீட்டியது.

ராஜம்மா வண்டி நிற்பதற்கு முன்பே இறங்கினாள். ஓடிப்போய் ராமுவை அவன் கையிலிருந்து பிடுங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள்.

"என் கன்ன எனக்குக் குடு!"

"யக்கா! இன்னா இது? நீதானே குடுத்தே?"

"குடுத்தேன். இப்ப வேணும். எனக்கு மனசில்ல. போ!"

தெருவில் போனவர்கள் நின்றார்கள். டீச்சரம்மா படியிலிருந்து இறங்கிவந்தார். "என்னப்பா, என் வாசல்லதான் உங்க கலாட்டாவா?"

முனுசாமிக்கு முகம் சிவந்துவிட்டது. "பாருங்கம்மா, ஒரு வைக்கக் கன்னுக்கு ஜட்கா வச்சிகினு வந்து புடுங்குறா. யக்கா யக்கான்னு தெருவே உன்ன தலையில தூக்கிவச்சி ஆடுச்சே, உன் மனசு இம்மாந்தானா? தூ!"

அவள் கன்றைத் தூக்கிக்கொண்டு ஜட்காவுக்குப் போய் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள். யாருக்கும் இல்லை என்று சொல்லாதவள் என்ற ஒரே பெயர் அவளுக்கு உண்டு. அதை அந்த வாசலில் போட்டுவிட்டு, காரணம் சொல்லாமல் போய் உட்கார்ந்தாள். என் வேலையில் நான் பார்த்த மிகச் சரியான முடிவு அது. எடுத்தவள் நான் அல்ல.

ஆனால் வேலை பாதிதான் முடிந்திருந்தது. மாடு காலை மாற்றி மாற்றி வைத்துக் கத்தியது. கறக்காமல் திரும்பினால் அந்த வாசலை முனுசாமி இழப்பான். ராமுவைத் தூக்கிய கையோடு மாட்டைத் தொட்டால் இன்னும் மோசம். எனக்கு ஒரு யோசனை வந்தது. அதை யோசனை என்று சொல்வதற்கே கூச்சமாக இருந்தது.

"கறக்கிறதுக்கு முன்னால முழங்கை வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவணும்னு உத்தரவு வந்திருக்கு முனுசாமி. அதைப் பார்க்கத்தான் வந்தேன்," என்றேன். டீச்சரம்மாவிடம் சோப்பும் வெந்நீரும் கேட்டேன். அந்த அம்மையாருக்கு இந்த உத்தரவு மிகவும் பிடித்துப்போயிற்று. முனுசாமி கழுவினான், தோளையும் சேர்த்து. காலையிலிருந்து நோய்கண்ட மாடுகளைத் தொட்டவன் நான். ஆகவே என் கோட்டையும் செருப்பையும் வண்டியிலேயே போட்டுவிட்டு அவனைவிட அதிக நேரம் கழுவினேன். பிறகு அவன் மற்றத் தோளில் இருந்த சாக்கை, அவன் மாட்டின் செத்த கன்று படுத்திருந்த சாக்கை, வாங்கி என் கழுத்தைச் சுற்றிப் போர்த்திக்கொண்டு மாட்டின் முன்னால் குந்தினேன்.

"சார்!" என்றான் முனுசாமி.

"கறப்பா. பேசாதே."

மாடு மூச்சை என் முகத்தில் விட்டது. சாக்கை மோந்தது. நீண்ட நேரம் மோந்தது. பிறகு நாக்கை நீட்டி என் கழுத்திலிருந்து காது வரை ஒரு இழுப்பு இழுத்தது. பசுவின் நாக்கைப் பற்றி உங்கள் பாடப்புத்தகத்தில் எவ்வளவு படித்திருந்தாலும், அது நம் தோலில் படும்போது தெரிவது வேறு. பின்னாலிருந்து சொம்பில் முதல் பால்தாரை விழுந்த சத்தம் கேட்டது. டீச்சரம்மா இது மைசூர் சர்க்காரின் புதிய முறை என்றே நினைத்துக்கொண்டார் என நம்புகிறேன்.

அன்று மாலை விளக்கு வைப்பதற்கு முன் பால்காரர் தெருவில் எல்லாரும் கூடினார்கள். முனுசாமி அதற்குள் செய்தியைப் பரப்பியிருந்தான். ராஜம்மா கடந்துபோனபோது பெண்கள் பேச்சை நிறுத்தினார்கள். நானே எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், உங்கள் பெயர் வேண்டாம் என்று வண்டியில் வரும்போது அவளிடம் சொல்லியிருந்தேன். அவள் ஒப்பவில்லை. "பேர் இல்லாம சொன்னா யாரும் பயப்பட மாட்டாங்க சார். நாளைக்கே வேற கன்ன மாத்திகினு போவாங்க." ராமுவைத் தரையில் வைத்துவிட்டுத் தானே சொன்னாள், கிழமை கிழமையாக.

எல்லப்பாதான் முதலில் எழுந்தார்.

"அப்ப எங்க மாட்டையெல்லாம் படுக்கவச்சது நீதான்னு சொல்லு."

என் கையில் ரெஜிஸ்டர் இருந்தது. அதன் முதல் வரியில் அவருடைய பெயர் இருந்தது. அதைப் படித்துக் காட்டினால் அவர் வாய் அடங்கும். ஆனால் பழி ராஜம்மாவிடமிருந்து எல்லப்பாவுக்கு மாறுமே தவிர, தெருவில் எல்லாரும் இன்னொருவரைத் தேடத் தொடங்குவார்கள். நாளை ஒரு மாட்டுக்கு எச்சில் ஒழுகினால் மறைத்துவிடுவார்கள். ரெஜிஸ்டரை மூடினேன்.

"பழின்னு பார்த்தா முதல்ல என்னுது," என்றேன். "ஏரியில நோய் இருக்குன்னு நான் சொன்னது தப்பு. எட்டு நாள் உங்களைத் தண்ணி சுமக்க வச்சேன். நேத்து ராஜம்மாவைத் தெருவுல வச்சு அவமானப்படுத்தினேன். தப்புக்கு மன்னிச்சுக்கோங்கம்மா. கோமாரி எப்படிப் பரவுச்சுன்னு கண்டுபிடிச்சது நானில்ல, அவங்கதான்."

ஓர் அரசாங்க டாக்டர் அப்படிப் பேசி அவர்கள் கேட்டதில்லை போலும். கெங்கம்மாதான் முதலில் வாய் திறந்தாள். என்னை விட்டுவிட்டுத் தன் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினாள்.

"சந்தையிலேர்ந்து வந்த ரெண்டாம் நாளே மாடு நுரை தள்ளுச்சே. 'ஒண்ணுமில்ல, வாய்ப்புண்ணு, ஆகுத்தே, சரியாயிடும்'னு சொல்லிட்டு அன்னிக்கும் ராமுவை வச்சி கறந்தது ராஜம்மாவா, நீயா? குந்து பேசாம."

எல்லப்பா உட்கார்ந்துவிட்டார். யாரோ சிரித்தார்கள். பிறகு அவரே எழுந்துபோய், தன் வீட்டில் அரைகுறையாய்த் தைத்து வைத்திருந்த வைக்கோல் கன்றைக் கொண்டுவந்து ராமுவின் பக்கத்தில் வைத்தார். தெருவில் இருந்த ஐந்தும் வந்து சேர்ந்தன. இருட்டுவதற்குள் ஏரிக்கரையில் வைத்துக் கொளுத்தினோம். ராஜம்மா ராமுவின் கண்ணாயிருந்த இரண்டு பொத்தானையும் எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டாள். மருந்துத் தண்ணீரில் போட்டுக் கழுவிக் கொடுத்தேன்.

அன்றே சில ஏற்பாடுகளுக்கு எல்லாரும் சம்மதித்தார்கள். நோய்கண்ட மாட்டின் வாசல்களுக்கு நல்ல மாடு வைத்திருப்பவர்கள் போய்க் கறப்பது, "இது அவங்க வாசல், நான் மாத்து ஆளு" என்று சொல்லிக் கறப்பது, மாடு தேறியதும் வாசலைத் திருப்பித் தருவது. எச்சில் ஒழுகும் மாட்டைக் கண்டதும் மறைக்காமல் காதரிடம் வந்து சொல்வது. முள்ளை நானே பிடுங்கினேன். கை கிழிந்தது. கெங்கம்மா பார்த்துக்கொண்டு நின்றாள். உதவிக்கு வரவில்லை. அது நியாயம்தான்.

ஒரு மாட்டுக்கு மட்டும் ஏற்பாடு இல்லை. மற்றவர்களுக்கு ராமு போனாலும் அவரவர் சாக்கு இருந்தது. ராஜம்மாவின் மாட்டுக்கு ராமுதான் கன்று. வேறு சாக்கு கிடையாது. மறுநாள் காலை அது பாலை இறக்கவில்லை. மாலையிலும் இல்லை. மடி கல்லாக இருந்தது. இப்படியே நாலு நாள் போனால் வற்றிவிடும். ராமுவுக்குப் போர்த்திவைத்த பழைய புடவை இருந்தது நினைவுக்கு வந்தது. அதைச் சலவைச் சோடா நீரில் ஊறவைத்து வெயிலில் காயவைக்கச் சொன்னேன். வாசனை எல்லாம் போயிருக்கும் என்று எனக்கே நம்பிக்கை இல்லை. அதைச் சுவரில் தொங்கவிட்டுப் பார்த்தாள். மாடு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான் அங்கே போனபோது முனுசாமி நின்றிருந்தான். தன் சுற்றை முடித்துவிட்டு வந்திருந்தான். அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துப் பேசினான்.

"நீங்க குந்தினமாரி நான் குந்துறேன் சார். எனக்கும் கயுத்து கீது."

அவன் மாடு இன்னும் நோய்க்கு ஆளாகக்கூடியது. ஆகவே நிபந்தனை போட்டேன். முதலில் சொந்த மாட்டைக் கறந்து சுற்றை முடிக்க வேண்டும், பிறகுதான் இங்கே. இங்கே உடுத்தும் வேட்டி இங்கேயே இருக்க வேண்டும். வேலை முடிந்ததும் ராஜம்மா வீட்டு முற்றத்திலேயே தலையோடு குளித்துவிட்டுப் போக வேண்டும். நல்ல மாட்டுக்கு முதலில் போ, சந்தேகமான இடத்துக்குக் கடைசியில் போ. நோய் பரவும் காலத்தில் நம் தொழிலில் இதைவிடப் பெரிய சட்டம் இல்லை. முனுசாமி அதை ஒரு நாளும் மீறவில்லை.

மாட்டுக்கு நக்கப் பிடிக்கட்டும் என்று உப்புநீர் தெளித்த புடவையைப் போர்த்திக்கொண்டு அவன் குந்தினான். மாடு மோந்தது. புடவையில் ஏதாவது மிச்சமிருந்ததா, உப்பே போதுமானதாக இருந்ததா, இன்றுவரை எனக்குத் தெரியாது. நக்கத் தொடங்கியது.

"யக்கா, சீக்கிரம் கற. நாக்கா இது? தோலை உரிக்குது."

"அசையாதடா. கன்னு பேசுமா?"

புதன்கிழமையிலிருந்து அவள் சொன்ன முதல் வேடிக்கைச் சொல் அது. சொம்பில் பால் விழும் சத்தம் கேட்டது. நான் வெளியே வந்துவிட்டேன்.

முனுசாமியின் மாட்டை நாள்தோறும் வாயைத் திறந்து பார்த்தேன். சாக்கு மட்டும் பட்டதா, தோளில் தூக்கி நடந்தபோது ராமுவும் பட்டுவிட்டதா என்று தெரியாது. மூன்றாம் நாள் நன்றாக இருந்தது. ஐந்தாம் நாளும். பதினான்காம் நாளோடு பார்ப்பதை நிறுத்தினேன். அந்தோணி வீட்டுக் கறுப்புக்குப் பிறகு அந்தத் தெருவில் அந்த முறை வேறு மாடு விழவில்லை.

உங்களுக்கு நான் சொல்லக்கூடியது அதிகம் இல்லை. தேதியைத் தவறாமல் எழுதுங்கள். எழுதியதை மேலிடத்துக்கு அனுப்புவதற்கு முன்னால் மாட்டுக்காரர்கள் கேட்கும்படி ஒருமுறை உரக்கப் படியுங்கள். நம்மிடம் நோய் வந்த நாள் இருக்கிறது, அவர்களிடம் அதற்கு முந்தைய நாட்கள் இருக்கின்றன. தப்பு செய்தால், யார் முன்னால் கத்தினீர்களோ அவர்கள் முன்னாலேயே ஒத்துக்கொள்ளுங்கள்.

அந்த ஆண்டின் ரெஜிஸ்டரில் ஒரு வரி உண்டு. முனுசாமி கன்றாக இருக்கத் தொடங்கிய இரண்டாம் வாரம் கழுத்து முழுக்கச் சிராய்ப்போடு மருத்துவமனைக்கு வந்தான். "மனுசன் டாக்டருகிட்ட போனா எப்படி ஆச்சுன்னு கேப்பாங்க சார், சொன்னா சிரிப்பாங்க" என்றான். காதர் எங்கள் களிம்பையே தடவி அனுப்பினார். மருந்து கொடுத்தால் எழுதியாக வேண்டும் அல்லவா? எழுதியிருந்தார், அவருடைய அழகான சாய்ந்த கையெழுத்தில். அடித்துவிடச் சொல்லலாம் என்று பேனாவை எடுத்தேன், பிறகு மூடி வைத்துவிட்டேன். தணிக்கைக்கு வந்த அதிகாரி அந்தப் பக்கத்தின் கீழே கையொப்பமும் போட்டுவிட்டுப் போனார்.

"உரிமையாளர்: ராஜம்மா. பிராணி: கன்று, ஆண், வயது நாற்பது. நோய்: தாய் அதிகமாக நக்கியதால் கழுத்தில் புண். மருந்து: களிம்பு. நிலை: கன்று நலம், தாய் பால் தருகிறது."